அம்மப்பாவின் மச்சம்

எங்கட குடும்பத்தில் ஒரு கலியாணம் கறுப்பு வெள்ளையில் நடந்தது. 1993இல் கொழும்பில் நடந்த சித்தியின் கலியாணம்தான். அதன் வி.எச்.எஸ் கசெட்டை பரிசுக்கு வந்த ஓர் ஆளிடம் அம்மம்மா கொடுத்து அனுப்பியிருந்தா. ஞாயிற்றுக்கிழமை லாச்சப்பலில் இருந்த எங்கட சின்ன அறைக்குள் பதினைந்து பேர் கூடி இருந்து பார்த்தோம். படம் ஓடியது, மேளம் கேட்டது, நிறம் மட்டும் இல்லை. "கூறை அரக்கு நிறமடா, கரையில பச்சை" என்று அம்மா பக்கத்தில் இருந்து நிறம் சொல்லிக்கொண்டே இருந்தா. நான் அந்தக் கலியாணத்தின் நிறங்களை அம்மாவின் வாயால்தான் பார்த்தேன்.

இந்த மாதம் இதை எழுதக் காரணம், அதே கசெட்டை வைத்து நான் செய்த ஒரு பெரிய பிழை. அம்மம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு பத்து நிமிடப் படம் செய்து தா என்று அம்மா கேட்டிருந்தா. "நீ கொம்பியூட்டர் படிச்சனி தானே" என்றொரு வசனம், உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். நான் எழுதுவது மென்பொருள், வீடியோ இல்லை. ஆனாலும் சரி என்றேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

ஒரே கலியாணம், மூன்று முறை

முதலில் அந்தக் கறுப்பு வெள்ளைக் கதையை முடித்துவிடுகிறேன். இலங்கையில் ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது பால் முறை (குடிக்கிற பால் இல்லை). பிரான்சில் 1967 ஒக்டோபர் 1ஆம் திகதி நிறத் தொலைக்காட்சி தொடங்கியது செக்காம் முறையில். கனடாவில் என்.ரி.எஸ்.சி. பாலுக்கும் செக்காமுக்கும் கோடுகளின் எண்ணிக்கை ஒன்று, 625. செக்கனுக்கு 25 படம் என்பதும் ஒன்று. நிறத்தை ஒளித்துவைக்கிற விதம்தான் வேறு. அதனால் பால் கசெட்டை செக்காம் மட்டும் தெரிந்த பெட்டியில் போட்டால் படம் வரும், நிறம் வராது. ரொறொன்ரோவில் இருந்து வந்த கசெட் இன்னும் மோசம். அங்கே 525 கோடு, செக்கனுக்கு ஏறக்குறைய 30 படம். பல பெட்டிகளில் படம் சுழன்றுகொண்டே போகும். அந்தக் காலத்தில் எங்கட ஆக்கள் "மல்ற்றி சிஸ்டம்" பெட்டி தேடி அலைந்தது இதற்காகத்தான்.

அந்தத் தலைவலி முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பிரான்சில் அனலொக் ஒளிபரப்பு 2011 நவம்பரோடு முழுதாக நின்றுவிட்டது. இப்போ எல்லாம் கோப்புத்தானே? ஆனால் ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்குப் படத்தை அனுப்பும்போது அதே தலைவலி சத்தமில்லாமல் திரும்பி வருகிறது. அன்றைக்கு நிறம் போனது எல்லாருக்கும் தெரிந்தது. இன்றைக்குப் போவது உடனே தெரியாது.

நான் செய்தது

அந்தக் கசெட்டை கன வருடத்துக்கு முன் ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி ஆக்கியிருந்தோம். அதில் அம்மப்பா வருகிற இடம் மொத்தம் 40 செக்கன். வாசலில் நின்று ஆக்களைக் கும்பிடுகிறார், கமராவைப் பார்க்கிறார், "வாங்கோ, சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்" என்கிறார். அவர் அசைந்து, கதைத்து இருக்கிற படம் எங்களிடம் அது ஒன்றுதான். அதற்கு மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் இல்லை.

அம்மாவின் வீட்டுச் சுவரில் அம்மப்பாவின் படம் ஒன்று மாட்டியிருக்கு. என் யோசனை இதுதான்: அந்தச் சுவரை இன்றைய கமராவில் எடுத்து, சட்டத்துக்குள் இருக்கிற படம் மெல்ல அசையத் தொடங்கி, அம்மப்பா கும்பிடுகிற மாதிரிச் செய்வது. காட்சிகளை வெட்டி ஒட்டுவது எடிட்டிங் மென்பொருளின் வேலை. படத்துக்கு மேல் படம் அடுக்கி, ஒன்றை இன்னொன்றுக்குள் பொருத்துவது கொம்பொசிற்றிங் மென்பொருளின் வேலை. பழைய கலியாண வீடியோக்களில் தாமரைப் பூவுக்குள் மணமகளின் முகம் வருமே, அதுவும் இதுவேதான்.

ஆகவே டி.வி.டியில் இருந்து எடுத்ததை எம்.பி.4 ஆக்கினேன். எடிட்டிங்கில் வெட்டி, எம்.பி.4 ஆக வெளியே எடுத்தேன். கொம்பொசிற்றிங்கில் பொருத்தி, திரும்ப எம்.பி.4. எடிட்டிங்கில் சேர்த்து, கடைசியாக இன்னொரு எம்.பி.4. அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அம்மா பார்த்துவிட்டு உடனே எடுத்தா. "வடிவா இருக்கு" என்றா. கொஞ்சம் பொறுத்து, "அப்பாவின்ர மச்சம் எங்க?" என்று கேட்டா.

அம்மப்பாவின் வலக் கன்னத்தில் ஒரு மச்சம். டி.வி.டியில் மங்கலாக இருந்தது. என் படத்தில் இல்லை. முகம் மெழுகு பூசின மாதிரி வழுவழு என்று இருந்தது.

மச்சம் எங்கே போனது?

அகதி விண்ணப்பத்துக்குக் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் நினைவிருக்கா? மூலத்தின் கொப்பி, கொப்பியின் கொப்பி, அதற்கும் ஒரு கொப்பி. கடைசியில் பதிவாளரின் முத்திரை ஒரு கறுப்பு வட்டமாகத்தான் இருக்கும். எம்.பி.4க்குள் இருக்கிற எச்.264 என்ற முறையும் அப்படித்தான். அது படத்தை அப்படியே வைத்திருப்பதில்லை. ஒரு முழுப் படத்தை வைத்து, பிறகு வருகிற படங்களில் மாறினதை மட்டும் எழுதும். நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒரு நிறம்தான் வைக்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்று அது நினைக்கிற சின்ன வித்தியாசங்களை எறிந்துவிடும். பார்ப்பதற்கு இது நல்ல முறை. திரும்பத் திரும்ப வேலை செய்வதற்கு அல்ல. ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் எறிதல் புதிதாக நடக்கும்.

பழைய கசெட்டில் இன்னொரு சிக்கல். படம் முழுக்கப் புழுதி மாதிரி இரைச்சல் துடித்துக்கொண்டே இருக்கும். மங்கலான ஒரு மச்சத்துக்கும் அந்த இரைச்சலுக்கும் வித்தியாசம் அந்த முறைக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

என் கணக்கைப் பாருங்கள். டி.வி.டி ஆக்கியபோது ஒன்று, எம்.பி.4 ஆக்கியதில் இரண்டு, கொம்பொசிற்றிங்குக்கு அனுப்ப மூன்று, திரும்பி வர நாலு, கடைசிப் படம் ஐந்து, வட்ஸ்அப் ஆறு. ஆறு தடவை அம்மப்பாவின் முகத்தைத் துடைத்திருக்கிறேன். டி.வி.டியே பெரிய குற்றவாளி: 3 மணித்தியாலக் கசெட்டை 4.7 ஜிகாபைட் தட்டுக்குள் அடைத்தால் செக்கனுக்குச் சராசரி 3.5 மெகாபிற் கூட வராது. டி.வி.டி படத்துக்கு 9.8 வரை கொடுக்க இடம் உண்டு. ஆனால் அப்போது ஒரு கசெட்டுக்கு ஒரு தட்டு என்பதுதான் கணக்கு.

"வெளியே எடுக்கும்போது தரத்தைக் கூட்டி வைத்தால் போதாதா?" என்று கேட்கலாம். கூட்டினால் இழப்பு குறையும், நிற்காது. ஏற்கெனவே போனது திரும்பி வராது. இப்போ ஏ.ஐ. மென்பொருட்கள் முகத்தைத் தெளிவாக்கித் தருகின்றன. நானும் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். நல்ல தோல், கூர்மையான கண், வடிவான ஒரு கிழவர் வந்தார். அவர் அம்மப்பா இல்லை. இருந்ததைக் காப்பாற்றுவது வேறு, இருந்திருக்கலாம் என்று கற்பனை செய்வது வேறு. அம்மம்மாவுக்கு முன்னால் இரண்டாவதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

சித்தியின் கூறை

மூலத்துக்கே போவோம் என்று முடிவெடுத்தேன். கசெட் சித்தப்பா வீட்டுக் காவில், அதுதான் கட்டடத்துக்குக் கீழே இருக்கிற நிலவறையில், ஒரு அரிசிப் பைக்குள் இருந்தது. நல்லகாலம், பூஞ்சணம் பிடிக்கவில்லை. வி.எச்.எஸ் பெட்டிகளைக் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016இல் அதை நிறுத்திவிட்டது. ஆகவே வேலை செய்கிற பெட்டி கிடைப்பதே இப்போ பெரிய காரியம். ஒரு நண்பரின் அப்பாவிடம் பால், செக்காம் இரண்டும் ஓடுகிற பெட்டி ஒன்று இருந்தது. இந்த முறை எதையும் எறியாத எஃப்.எஃப்.வி.1 என்ற முறையில் பதிந்தேன். ஆவணக் காப்பகங்கள் பாவிக்கிற இலவச முறை அது. 2021இல் அதன் விபரக்குறிப்பு ஆவணமும் முறையாக வெளிவந்தது. சுருக்காமல் வைத்தால் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 75 ஜிகாபைட். இந்த முறையில் அதைவிடக் குறையும், ஆனால் ஒரு புள்ளிகூடப் போகாது.

மச்சம் இருந்தது. டி.வி.டியில் பார்த்ததை விடத் தெளிவாக.

வேலையைத் திரும்பச் செய்து, அம்மா வீட்டு ரி.வியில் போட்டுக் காட்டினேன். சித்தியும் வந்திருந்தா. இப்போ மச்சம் சரி. சித்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்ர கூறை இந்த நிறமில்லை" என்றா. அம்மாவும் "ஓம், இது செங்கல் நிறமா எல்லோ கிடக்கு" என்றா. பழைய வீடியோ தானே சித்தி, நிறம் மங்கியிருக்கும் என்றேன். அடுத்த கிழமை சித்தி ஒரு பையோடு வந்தா. பைக்குள் அந்தக் கூறை. ரி.விக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினா. சித்தி சொன்னதுதான் சரி.

பிழை கசெட்டில் இல்லை, என் போக்குவரத்தில். எடிட்டிங் மென்பொருள் பெரும்பாலும் படத்தை வெளிச்சம் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிற கோப்பை அப்படியே கையாளும். கொம்பொசிற்றிங் மென்பொருளுக்கு சிவப்பு, பச்சை, நீலம் வேண்டும். ஒன்றில் இருந்து மற்றதுக்கு மாற்ற ஒரு சூத்திரம் உண்டு. பழைய தரத் தொலைக்காட்சிக்கு 601 என்ற சூத்திரம், எச்.டிக்கு 709 என்ற சூத்திரம். நான் வெளியே எடுத்த கோப்பில் எது என்ற குறிப்பு இல்லை. கொம்பொசிற்றிங் மென்பொருள் 709 என்று ஊகித்துக்கொண்டது. 601இல் எழுதினதை 709 ஆக வாசித்தால் சிவப்பு செம்மஞ்சளுக்குச் சாயும், பச்சையும் கொஞ்சம் மாறும். தனியாகப் பார்த்தால் நீங்கள் பிடிக்கமாட்டீர்கள். கூறையைக் கட்டினவர் பிடிப்பார்.

இதே குடும்பத்தில் இன்னொரு பிழையும் உண்டு. வீடியோவில் கறுப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடியும். கணினிப் படத்தில் 0 தொடக்கம் 255. ஒரு மென்பொருள் ஒன்றை எழுத, மற்றது மற்றதாக வாசித்தால், ஒன்றில் படம் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி வரும், அல்லது தலைமயிரும் பின்னால் இருக்கிற இருட்டும் ஒன்றாகிவிடும். "படம் மாறிப்போச்சு, ஆனா என்ன மாறினது எண்டு தெரியேல்ல" என்று தோன்றினால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால், குறிப்பு இருந்தால், காட்டும்.

சீப்பும் குண்டு மாப்பிள்ளையும்

பழைய வீடியோவில் ஒரு படம் என்பது இரண்டு பாதி. முதலில் ஒற்றை வரிகள், பிறகு இரட்டை வரிகள், செக்கனுக்கு 50 பாதி. கொம்பொசிற்றிங் மென்பொருள் இதைத் தெரியாமல் இரண்டு பாதியையும் ஒரே படமாக எடுத்துச் சிறிதாக்கினால், கை அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். பிறகு அதை எடுக்க முடியாது. பாதியை எறிந்துவிட்டால் கோடு போகும், படத்தின் பாதி விபரமும் போகும். சரியான வழி, முதலிலேயே 50 பாதியையும் 50 முழுப் படமாக விரிப்பது. எஃப்.எஃப்.எம்பெக்கில் இருக்கிற பி.டபிள்யூ.டி.ஐ.எஃப் என்ற வடிகட்டி இதை இலவசமாக நன்றாகச் செய்கிறது. எந்தப் பாதி முதல் என்பதைச் சரியாகச் சொல்லவேண்டும். மாறிச் சொன்னால் ஆக்கள் முன்னும் பின்னும் துடிப்பார்கள்.

புள்ளியின் வடிவம் அடுத்தது. பால் வீடியோ 720க்கு 576 புள்ளி, ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரம் இல்லை. சதுரப் புள்ளியில் அது ஏறக்குறைய 768க்கு 576. இதைக் கவனிக்காவிட்டால் எல்லாரும் கொஞ்சம் மெலிவார்கள். அகல ரி.விக்கு இழுத்து நிரப்பினால் மாப்பிள்ளை பத்துக் கிலோ கூடிவிடுவார். பக்கத்தில் கறுப்புப் பட்டை இருக்கட்டும், பரவாயில்லை.

ரொறொன்ரோ மாமா அனுப்பிய மினி டி.வி படம் 29.97, அம்மப்பாவின் படம் 50, போன்களில் எடுத்தது வேகம் மாறிக்கொண்டே இருக்கும். போன் படத்தை முதலில் ஒரே வேகத்துக்கு மாற்றாமல் வேலை செய்தால் சில மென்பொருட்களில் வாயும் சத்தமும் பொருந்தாது.

நான் இப்போ செய்கிற விதம்

முதலாவது, போக்குவரத்தையே குறையுங்கள். டவின்சி ரிசோல்வில் 2018 தொடக்கம் ஃபியூஷன் என்ற கொம்பொசிற்றிங் பகுதி உள்ளேயே இருக்கு, இலவசப் பதிப்பிலும். அடோபி பாவிக்கிறவர்கள் பிரீமியரையும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸையும் டைனமிக் லிங்க் மூலம் இணைக்கலாம். இரண்டிலும் இடையில் கோப்பு எழுதத் தேவையில்லை. எழுதாத கோப்பில் எதுவும் தொலையாது.

அனுப்பத்தான் வேண்டும் என்றால், தேவையான காட்சியை மட்டும் அனுப்புங்கள், முன்னும் பின்னும் ஒரு செக்கன் கூட்டி. எம்.பி.4 வேண்டாம். அப்பிளின் புரோரெஸ் 422 எச்.கியூ அல்லது அவிட்டின் டி.என்.எக்ஸ்.எச்.ஆர் எச்.கியூ.எக்ஸ். இவை ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக, 10 பிற் ஆழத்தில் வைப்பவை. சில தடவை போய் வந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற இழப்பு வராது. எச்.டியில் புரோரெஸ் எச்.கியூ நிமிடத்துக்கு 1.4 ஜிகாபைட் அளவில் வரும். 40 செக்கனுக்கு அது ஒரு காசே இல்லை.

அனுப்பும்போது அளவையோ வேகத்தையோ மாற்றாதீர்கள், நிறத் திருத்தமும் செய்யாதீர்கள். அதெல்லாம் கடைசியில் ஒரே ஒரு தடவை.

ஒளி ஊடுருவுகிற பின்னணியோடு திரும்பி வரவேண்டுமென்றால், உதாரணமாக வெட்டி எடுத்த உருவம், எழுத்து, பூமாலை, புரோரெஸ் 4444 அல்லது ஓப்பன் இ.எக்ஸ்.ஆர் படவரிசை. சாதாரண எம்.பி.4இல் அந்த ஊடுருவல் நிற்காது. வெட்டின விளிம்பைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு வந்தால் பயப்படவேண்டாம். ஓரத்து நிறங்கள் ஏற்கெனவே ஊடுருவலோடு பெருக்கப்பட்டதா இல்லையா என்பதில் இரண்டு மென்பொருளும் ஒத்துப்போகவில்லை. ஒரு தெரிவை மாற்றினால் போய்விடும்.

இப்போ முக்கியமான பரீட்சை. எந்த வேலையும் செய்யாமல் காட்சியை அனுப்பி, அப்படியே திரும்ப எடுங்கள். எடிட்டிங்கில் மூலத்துக்கு மேல் அதை வைத்து, கலக்கும் முறையை "டிஃபரன்ஸ்" என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றென்றால் திரை முழுக்கக் கறுப்பாக இருக்கும். வெளிச்சத்தை நன்றாகக் கூட்டிப் பாருங்கள். முகத்தின் கோடோ சீலையின் வடிவமோ தெரிந்தால் எங்கேயோ பிழை. அம்மாவும் சித்தியும் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு இந்தப் பரீட்சைதான் அம்மாவும் சித்தியும்.

எம்.பி.4 கடைசிப் பிரதிக்கு மட்டும். சொந்தங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது திரும்பச் சுருக்கும்.

யார் காப்பாற்றுவது?

பிரான்சின் தொலைக்காட்சி, வானொலிப் பதிவுகளைக் காக்க 1975 தொடக்கம் இனா என்ற நிறுவனம் இருக்கிறது. பழுதாகிக்கொண்டு போன நாடாக்களை டிஜிட்டல் ஆக்க 1999இல் ஒரு பெரிய திட்டமே தொடங்கினார்கள். எங்கட சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும், மாணிக்க விநாயகர் தேருக்கு லாச்சப்பல் தெருவில் அப்பா தோளில் கமராவோடு ஓடினதுக்கும் எந்த நிறுவனமும் இல்லை. ஊரில் வீடு போனது, அல்பம் போனது. எத்தனையோ குடும்பங்களில் மிஞ்சினது வெளிநாட்டுக்கு அனுப்பின கசெட் மட்டும்தான். காவில் இருக்கிற அந்தப் பைதான் காப்பகம். அதற்குப் பொறுப்பு நானும் நீங்களும்.

ஆகவே கசெட்டை எறியாதீர்கள், டி.வி.டி இருக்கிறது என்று நம்பியும் எறியாதீர்கள். பதிந்த மூலக் கோப்பு இரண்டு இடத்தில் இருக்கட்டும், ஒன்று வேறொருவர் வீட்டில். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. வேலையெல்லாம் பிரதியில். இன்றைக்கு நான் செய்தது பிழை என்றால், பத்து வருடத்துக்குப் பிறகு என் மகள் மூலத்தில் இருந்து திரும்பச் செய்யலாம்.

பிறந்தநாள் அன்று படத்தைப் போட்டோம். சட்டத்துக்குள் இருந்து அம்மப்பா கும்பிட்டார். மச்சம் இருந்தது, கூறை அரக்கு நிறமாக இருந்தது. அம்மம்மா எதையும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. "சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்" என்று அவர் சொன்னதும், மகள் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "அவரும் அம்மம்மா மாதிரியே கதைக்கிறார், என்ன?"

ஓம். அதே ஊர், அதே பேச்சு. நிறத்தையும் மச்சத்தையும் பிடித்துக்கொண்டு அலைந்ததில் அதை நான் யோசிக்கவே இல்லை. சத்தத்தையும் சுருக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போச்சு.

இந்தக் கிழமை ஒருக்கா காவுக்கு இறங்கிப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.